ஒளியிழை நுனியில் லேசரால் குழியாடி: ஒரே அமைப்பில் சுட்டும் குழியின் ஆழம் மாறுவது ஏன்?

கேள்வி: ஒளியியல் ஆய்வு மாணவி

அனைவருக்கும் வணக்கம். ரூபிடியம் அணுக்களைக் கொண்டு ஆய்வு செய்யும் கூடம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்காக இரண்டாம் ஆண்டாகப் பணிபுரிகிறேன். ஒளியிழையின் நுனியிலேயே நுண்ணிய குழியாடி ஒன்றை அமைத்து, எதிரே ஒரு தட்டையாடியை நிறுத்தி, இரண்டுக்கும் இடையே 20 மைக்ரோமீட்டர் மட்டுமே இடைவெளி உள்ள ஃபேப்ரி-பெரோ ஒத்ததிர்வியை (இரு ஆடிகளுக்கு நடுவே ஒளி திரும்பத் திரும்ப எதிரொளிக்கும் அமைப்பை) உருவாக்குவது எனக்குத் தரப்பட்ட வேலை. அலைநீளம் 780 நானோமீட்டர். தேவையான வளைவு ஆரம் ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டர்.

எங்களிடம் 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள கார்பன் டை ஆக்சைடு லேசர் இருக்கிறது. இழையின் மேலுறையை உரித்து, கிளீவரால் (இழை வெட்டும் கருவியால்) வெட்டி, துடைத்து, நுனியை லேசரின் குவியத்தில் நிறுத்தி, பத்து மில்லிநொடித் துடிப்பு ஒன்றைச் செலுத்துகிறேன். கேமராவில் நுனி ஒரு கணம் வெண்மையாக ஒளிர்ந்து அடங்குகிறது. பிறகு வெள்ளொளிக் குறுக்கீட்டுமானியில் (ஒளியலைகளின் குறுக்கீட்டு வரிகளால் பரப்பின் மேடுபள்ளத்தை அளக்கும் கருவியில்) வைத்துப் பார்த்தால், நுனியின் நடுவே வட்ட வட்டமாக வரிகள் எழுந்து குழி ஒன்று விழுந்திருப்பது தெரிகிறது. முதன்முறை அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லில் அடக்க முடியாது.

ஆனால் எண்கள் என்னைக் கலங்கவைக்கின்றன. அதே திறன், அதே துடிப்பு நேரம் என்று வைத்து இருபது இழைகளைச் சுட்டதில், ஆழம் 0.6 மைக்ரோமீட்டர் முதல் 1.4 மைக்ரோமீட்டர் வரை மாறி மாறி வந்திருக்கிறது. நான்கைந்து குழிகள் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருக்கின்றன. பக்கத்து ஆய்வுக்கூடத்தில் நானோநொடிப் பச்சை லேசர் உள்ளது, அதில் குழியைத் துல்லியமாகக் குடைந்துகொண்டு பிறகு மெருகேற்றலாம் என்று மூத்தவர் ஒருவர் அறிவுறுத்துகிறார். அந்த வழியில் போகலாமா? அல்லது இந்த லேசரையே சரிசெய்ய வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவது? இந்த வேலையைக் கையால் செய்தவர்கள் வழிகாட்டினால் மிகவும் கடமைப்பட்டிருப்பேன்.

மறுமொழி 1: கண்ணாடிப் பட்டறை

வணக்கம். உங்கள் மூத்தவரின் யோசனையிலிருந்தே தொடங்குகிறேன். இந்த வேலைக்கு ஏன் இந்த ஒரு லேசரையே எல்லோரும் நாடுகிறார்கள் என்பது புரிந்துவிட்டால், பாதிக் குழப்பம் தானே தீர்ந்துவிடும்.

ஆடி என்றதும் நமக்கு வடிவம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. உங்கள் ஒத்ததிர்வியின் தலைவிதியை எழுதுவது வடிவம் அன்று, சொரசொரப்பு. சொரசொரப்பின் சராசரி அளவை 4π-யால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்து, வரும் எண்ணை வர்க்கப்படுத்தினால், ஒவ்வொரு எதிரொளிப்பிலும் சிதறி வீணாகும் ஒளியின் பங்கு கிடைக்கும். 780 நானோமீட்டரில் கணக்கிட்டுப் பாருங்கள். சொரசொரப்பு 1 நானோமீட்டர் என்றால் பத்து லட்சத்தில் 260 பங்கு சிதறும். 0.2 நானோமீட்டர் என்றால் பத்து லட்சத்தில் 10 பங்கு மட்டுமே. இரண்டு ஆடிகளும் ஒரே தரம், சிதறலைத் தவிர வேறு இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், முதலாவதில் ஃபைனெஸ் (இழப்பு குறையக் குறைய உயரும், ஒத்ததிர்வியின் தர எண்) 12,000-ஐத் தாண்டாது, இரண்டாவதில் மூன்று லட்சம் வரை போகலாம். ஐந்து மடங்கு வழவழப்பு இருபத்தைந்து மடங்குப் பலனைத் தருகிறது.

இனி, பச்சை ஒளிக்குச் சிலிக்கா கண்ணாடி ஊடுருவு பொருள். ஒளி அதில் தங்காமல் கடந்துபோய்விடும். அதைப் பொருளில் பதியவைக்க வேண்டுமானால் செறிவை மிக உயர்த்தி, கண்ணாடியை ஒரு சிறு வெடிப்பாக உடைத்தெறிய வேண்டியிருக்கும். அப்போது வெடிப்புகளும் பிசிறுகளும் நுண்விரிசல்களும் மிஞ்சும். பல பத்து நானோமீட்டர் சொரசொரப்புள்ள முப்பது மைக்ரோமீட்டர் அகலக் குழிக்குள் எந்த மெருகு அட்டையை நுழைத்துத் தேய்ப்பீர்கள்?

கார்பன் டை ஆக்சைடு லேசரின் கதை நேர்மாறானது. சிலிக்கானுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பு 9 மைக்ரோமீட்டரை ஒட்டிய அலைநீளத்தில் அதிர்கிறது. 10.6 மைக்ரோமீட்டர் அதன் ஓரத்திலேயே இருப்பதால், ஒளி மேற்பரப்பிலிருந்து சில பத்து மைக்ரோமீட்டருக்குள்ளாகவே வெப்பமாகிவிடுகிறது. கண்ணாடி சூடேறச் சூடேற அந்த ஆழம் இன்னும் குறைகிறது. கண்ணாடி வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் பொருள் என்பதால் அந்த வெப்பம் அங்கேயே தேங்கி, நடுவில் உள்ள கண்ணாடி ஆவியாகிறது. ஆவியாகும் பரப்பின் கீழே மெல்லிய படலம் ஒன்று உருகி நிற்கிறது. அந்தப் படலத்தைப் பரப்பு இழுவிசை இழுத்து வழவழப்பாக்கிவிடுகிறது. நீங்கள் கேமராவில் பார்க்கும் அந்த வெண்மையான ஒரு கணத்துக்குள் குடைதலும் மெருகேற்றலும் ஒன்றாகவே நடந்து முடிந்துவிடுகின்றன. இப்படி உறைந்த பரப்புகளில் 0.2 நானோமீட்டர் அளவிலான சொரசொரப்பே அளந்து காட்டப்பட்டிருக்கிறது. அது ஓர் அணுவின் விட்டத்தை ஒட்டிய அளவு. எந்த மெருகுத்தூளும் இந்த இடத்தில் இதைச் செய்யாது.

இந்த லேசரை 1964-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். உலோகம் வெட்டவும் அறுவைச் சிகிச்சைக்கும் பயன்பட்ட அந்தக் கருவி, நாற்பதாண்டுகளுக்குப் பின் அணுக்களை ஒளியோடு பிணைக்கும் ஆடிகளை வார்க்கும் என்று அன்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். பாரிசின் காஸ்லர்-புரோசெல் ஆய்வுக்கூடத்தார் 2007-இல் இப்படிச் சுட்ட இரண்டு இழை நுனிகளை 39 மைக்ரோமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிறுத்தி, 37,000 ஃபைனெஸ் பெற்று, அதற்குள் போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருளையே (மிகக் குளிர்ந்து ஒரே குவாண்டம் நிலையில் திரண்ட அணுக்கூட்டத்தையே) கொண்டுவந்து வைத்துக் காட்டினார்கள். 2010-இல் ஹுங்கரும் அவரோடு ரைஷெல், ஹான்ஷ் முதலியோரும் வெளியிட்ட கட்டுரையில் ஃபைனெஸ் 1,30,000-ஐ எட்டியது. உங்கள் வழி ஏற்கெனவே நடந்து தேய்ந்த வழி. அதை விட்டு விலக வேண்டாம்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பெரிய, ஆழமான ஆடிகளுக்கு, ஃபெம்டோநொடி லேசரால் முதலில் வடிவத்தைக் குடைந்துகொண்டு, பிறகு கார்பன் டை ஆக்சைடு லேசரால் மேற்பரப்பை உருக்கி வழவழப்பாக்குவது நல்ல முறைதான். ஒரு மைக்ரோமீட்டர் ஆழக் குழிக்கு அது தேவையில்லாத சுற்றுவழி.

ஆழம் மாறுவதற்கு, இழையைப் பிடித்திருக்கும் உலோகப் பிடி வெப்பத்தைக் கூடுதலாகவோ குறைவாகவோ உறிஞ்சுவது காரணமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. ஒவ்வொரு முறையும் நுனி பிடிக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து பாருங்கள்.

மறுமொழி 2: அயனிப் பொறி

கண்ணாடிப் பட்டறை எழுதியதில் பெரும்பகுதியை அப்படியே வழிமொழிகிறேன். கடைசிப் பத்தியில் மட்டும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. சிலிக்காவில் வெப்பம் பரவும் விகிதம் நொடிக்கு 0.85 சதுர மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கிறது. பத்து மில்லிநொடிக்குள் அது இழை நெடுகப் போகும் தூரம் 0.2 மில்லிமீட்டர்கூட இல்லை. எனவே நுனி ஒரு மில்லிமீட்டர் நீட்டியிருந்தாலும் மூன்று மில்லிமீட்டர் நீட்டியிருந்தாலும், துடிப்பு முடிவதற்குள் பிடிக்கு அந்தச் சேதியே போய்ச் சேராது. நானும் ஒரு காலத்தில் பிடியைச் சந்தேகித்து, இரண்டு வாரம் புதுப்புதுப் பிடிகளைக் கடைந்து வீணாக்கியவன் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உண்மையான காரணம் வெப்பநிலைக்கும் ஆவியாதலுக்கும் உள்ள உறவில் இருக்கிறது. கண்ணாடி ஆவியாகும் வேகம் வெப்பநிலையோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, அடுக்குக்குறி விகிதத்தில் பாய்ந்து ஏறுகிறது. அதனால் லேசர் திறனில் சில விழுக்காடு ஏற்ற இறக்கம் இருந்தாலே ஆழம் பல மடங்கு விழுக்காட்டில் மாறிவிடும். உங்கள் 0.6-க்கும் 1.4-க்கும் இடையே திறனில் பெரிய வேறுபாடு இருந்திருக்க வேண்டியதே இல்லை. ஆகவே திறன்மானியில் எண் ஒன்றாகத் தெரிகிறது என்று அமைதி அடைந்துவிடாதீர்கள். அந்த மானி சில நொடிகளின் சராசரியைக் காட்டுகிறது. உங்கள் குழியோ பத்து மில்லிநொடியில் பிறந்து முடிகிறது. வேகமான அகச்சிவப்பு உணரி ஒன்றைக் கடன் வாங்கியாவது, ஒவ்வொரு துடிப்பின் வடிவத்தையும் அலைநோக்கியில் பதிவு செய்யுங்கள். சிறிய அடைப்புக் குழாய் லேசர்களில் திறனைக் குறைப்பதற்காக மின்னூட்டத்தையே விட்டுவிட்டுத் தருவார்கள். அப்படிப்பட்ட லேசரை அணைத்து ஏற்றித் துடிப்பு எடுத்தால், தொடக்க மில்லிநொடிகள் ஒருநாளும் ஒன்றுபோல் வராது. லேசரைத் தொடர்ந்து ஓடவிட்டு, ஜெர்மேனியப் படிகத்தாலான ஒலி-ஒளிப் பண்பேற்றியாலோ (ஒலியலையால் கற்றையைத் திருப்பும் கருவியாலோ) நல்ல மூடியாலோ (ஷட்டராலோ) துடிப்பை வெட்டி எடுப்பதே பாதுகாப்பு. குளிரூட்டும் நீரின் வெப்பநிலை நிலைபெறும் வரை பொறுங்கள். குழாய் சூடேறும்போது லேசர் ஓர் அலைநீள வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவும். தாவும் ஒவ்வொரு முறையும் திறனும் கண்ணாடி அதை ஏற்கும் அளவும் மாறும்.

இரண்டாவது, குவியம். உங்கள் கற்றை இடுப்பின் (கற்றை மிகக் குறுகும் இடத்தின்) ஆரம் 30 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த இடுப்பிலிருந்து 270 மைக்ரோமீட்டர் தள்ளிப்போவதற்குள் செறிவு பாதியாகிவிடும். நுனி வெறும் 100 மைக்ரோமீட்டர் முன்னே பின்னே நின்றாலும் செறிவு 12 விழுக்காடு குறையும். பக்கவாட்டுக் கேமராவில் கண்மதிப்பாக நுனியை நிறுத்துகிறீர்களா? அப்படியானால் அந்த 100 மைக்ரோமீட்டர் பிழை வெகு சாதாரணமாக வந்திருக்கும். குறுக்கீட்டுமானியை லேசர் இருக்கும் மேசையிலேயே அமைத்து, அதன் வரிகள் எந்த இடத்தில் தெளிகின்றனவோ அதையே நுனிக்குரிய இடமாகக் கொண்டு, அங்கிருந்து துல்லிய நகர்த்தியால் லேசர் குவியத்துக்குக் கொண்டுபோவதே பல கூடங்களில் கைக்கொள்ளும் முறை. சுட்டதும் இழையைக் கழற்றாமலேயே திரும்பக் கொண்டுவந்து அளக்கலாம் என்பது கூடுதல் நன்மை.

பக்கவாட்டிலும் கவனம் வேண்டும். இழையின் குறுக்களவு 125 மைக்ரோமீட்டர்தான். அகன்ற கண்ணாடித் தட்டில் வெப்பம் நாலா பக்கமும் விரியும். இழையிலோ பின்பக்கமாக மட்டுமே அது ஓட முடியும். கற்றை நடுவிலிருந்து சற்று விலகினால், கிட்டிய விளிம்புப் பக்கம் அதிகம் சூடேறிக் குழி சாய்ந்துவிடும். இழையின் மறுமுனையில் சிவப்பு ஒளியைச் செலுத்திப் பாருங்கள். நுனியில் உள்ளகம் ஒரு சிறு புள்ளியாக மின்னும். அதன்மீது குழியின் நடு ஒரு மைக்ரோமீட்டருக்குள் பொருந்த வேண்டும்.

முட்டை வடிவத்துக்கு வருகிறேன். கற்றை வட்டமாக இல்லாமல் இருப்பது, கிளீவரின் வெட்டு ஒரு பாகைக்கு மேல் சாய்ந்திருப்பது, லென்சுக்குள் கற்றை சாய்வாக நுழைவது என்று எதுவும் காரணமாகலாம். இதை அழகுக் குறையாக நினைத்து விட்டுவிடாதீர்கள். ஒரு திசையில் வளைவு ஆரம் 100, அதற்குச் செங்குத்தான திசையில் 95 என்று இருந்தாலே, 20 மைக்ரோமீட்டர் ஒத்ததிர்வியில் இரு தளவிளைவுகளின் (ஒளியலை அதிரும் இரு திசைகளின்) அதிர்வெண்கள் பல பத்து மெகாஹெர்ட்ஸ் பிரிந்துவிடும். ஃபைனெஸ் 50,000 என்றால் உங்கள் ஒத்ததிர்வின் அகலமே 150 மெகாஹெர்ட்ஸ்தான், ரூபிடியத்தின் இயல்பான வரியகலமோ 6 மெகாஹெர்ட்ஸ். அணுவின் தளவிளைவு நிலைகளை ஒளியில் எழுதப் போகிறவருக்கு இந்தப் பிளவு பெரும் தொல்லை. 2015-இல் இயற்பியலாளர் ரெம்பேயின் குழுவினர் இந்தப் பிளவின் காரணத்தைத் தெளிவாகக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே சசெக்ஸ் பல்கலைக்கழகக் குழு, சுடும்போது இழையைத் தன் அச்சில் சுழற்றிக் குழியின் வட்டத்தன்மையை மீட்டெடுத்தது. எளிய வழி வேண்டுமென்றால், ஒரே துடிப்பில் முடிக்காமல் வலுவற்ற பல துடிப்புகளாகப் பிரித்து, துடிப்புக்குத் துடிப்பு இழையை 90 பாகை திருப்புங்கள். கற்றையின் கோணல் ஒன்றை ஒன்று ஈடுசெய்துகொள்ளும்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, கருவிழிப் படலத்தைச் சுட்டுவிடும். 10.6 மைக்ரோமீட்டருக்கென்று குறிக்கப்பட்ட கண்ணாடி அணியாமல் அந்த மேசைக்கு அருகே குனியாதீர்கள்.

கேட்டவர்: ஒளியியல் ஆய்வு மாணவி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன்.

வேகமான உணரியை இரவல் வாங்கித் துடிப்புகளைப் பதிவு செய்தபோது, நீங்கள் சொன்னது அப்படியே கண்முன் தெரிந்தது. முதல் மூன்று நான்கு மில்லிநொடிகளில் ஒவ்வொரு துடிப்பும் ஒவ்வொரு விதமாக எழுகிறது. பண்பேற்றி எங்களிடம் இல்லை. அதனால் லேசரைத் தொடர்ந்து ஓடவிட்டு, வேகமான மூடி ஒன்றைப் பொருத்தினேன். குளிர்நீர் நிலைபெற நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகே சுட்டேன். நுனியின் இடத்தையும் குறுக்கீட்டு வரிகளைக் கொண்டு நிறுத்தினேன். பழைய பதிவுகளைப் புரட்டியபோது, ஆழம் குறைந்த குழிகளில் பெரும்பாலானவை காலையில் வந்ததும் சுட்டவை என்பதும் தெரிந்தது. இப்போது இருபதில் பதினெட்டு இழைகளில் ஆழம் 0.95 முதல் 1.06 மைக்ரோமீட்டருக்குள் நிற்கிறது. மீதி இரண்டில் நுனியில் ஒட்டியிருந்த தூசு வெந்து, குழியின் ஓரத்தில் ஒரு புடைப்பாகப் பதிந்துவிட்டது.

ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. குழியின் வடிவம் கோளத்தின் துண்டு போல இல்லை. நடுவில் வளைந்து, ஓரத்தில் மணியின் வாய்போல் விரிந்துவிடுகிறது. எந்த அகலம் வரை அதை ஆடியாக எடுத்துக்கொள்ளலாம்?

மறுமொழி 3: கண்ணாடிப் பட்டறை

பிடியைப் பற்றி நான் சொன்னது தவறு. அயனிப் பொறியின் கணக்கைப் போட்டுப் பார்த்துத் தெளிந்தேன், நன்றி.

குழியின் குறுக்குவெட்டு காஸ் வளைவை (மணி வடிவ வளைவை) ஒட்டியே அமையும். லேசர் கற்றையின் செறிவே அந்த வடிவில் இருப்பதால் அது இயல்பு. ஆழம் நடுவில் உள்ளதில் e-யில் ஒரு பங்காக (ஏறத்தாழ 37 விழுக்காடாக) குறையும் ஆரத்தை வர்க்கப்படுத்தி, ஆழத்தின் இருமடங்கால் வகுத்தால் நடுவின் வளைவு ஆரம் வந்துவிடும். உங்கள் ஆழம் 1 மைக்ரோமீட்டர், அந்த ஆரம் 14 மைக்ரோமீட்டர் என்றால் விடை 98. நீங்கள் கேட்ட 100-க்கு அருகில் வந்துவிட்டீர்கள்.

எந்த அகலம் வரை என்பதை ஒளிதான் தீர்மானிக்கும். இடைவெளி 20 மைக்ரோமீட்டராக இருக்கும்போது, குழியாடியின்மீது விழும் ஒளிப்பொட்டின் ஆரம் 3.5 மைக்ரோமீட்டர் மட்டுமே. குழியின் பயன்படு விட்டம் 30 மைக்ரோமீட்டர் என்று கொண்டால், விளிம்பில் வெட்டுப்படும் ஒளி கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு சொற்பம். இடைவெளியை 80 மைக்ரோமீட்டராகக் கூட்டினால் பொட்டின் ஆரம் 7 மைக்ரோமீட்டராகும். அதே குழியில் ஒவ்வொரு சுற்றிலும் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேல் விளிம்பில் இழந்துபோகும், ஃபைனெஸ் சரிந்துவிடும். நீண்ட ஒத்ததிர்வி வேண்டுவோர் குழியின் பரப்பெங்கும் வலுவற்ற துடிப்புகளைப் புள்ளி புள்ளியாக இட்டு, அகன்ற கோள வடிவத்தைச் செதுக்குவது இதற்காகத்தான். பாரிசுக் குழு 2016-இல் மில்லிமீட்டர் நீள ஒத்ததிர்விகளைப் பெற்றது அவ்வழியில்தான். உங்கள் 20 மைக்ரோமீட்டருக்கு ஒரு காஸ் குழியே போதும்.

மறுமொழி 4: பூச்சு அறை

இந்த உரையாடலைப் படித்து மகிழ்ந்தேன். குழி நன்றாக வந்தபின், அதன்மீது எதிரொளிப்புப் பூச்சு இட்டு ஆடியாக்க, இழைகள் எங்களைப் போன்றவர்களிடம்தான் வரும் என்பதால் சில சொற்கள்.

அயனிக் கற்றைத் தெறிப்பு முறையில் (அயனிகளை மோதவிட்டுப் பொருளைத் தெறிக்கவைத்துப் படியச்செய்யும் முறையில்) சிலிக்காவையும் டான்டலம் ஆக்சைடையும் மாறி மாறி அடுக்குவோம். 780 நானோமீட்டருக்கு ஒரு சிலிக்கா அடுக்கின் தடிமன் ஏறத்தாழ 134 நானோமீட்டர், டான்டலம் ஆக்சைடு அடுக்கு 93 நானோமீட்டர். பதினைந்து இணை அடுக்கினால் மொத்தம் 3.4 மைக்ரோமீட்டர். உங்கள் குழியின் ஆழத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! பூச்சு குழியை நிரப்பிவிடாது, அதன் வளைவைப் பின்பற்றியே வளரும். ஆனால் அடியில் உள்ள ஒவ்வொரு தூசும் மேலே வரும்வரை ஒரு சிறு குன்றாக வளர்ந்துகொண்டே போகும். அந்தத் தூசு வெந்த இரண்டு இழைகளையும் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

பூச்சு முடிந்ததும் 300 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் சில மணி நேரம் வைத்துப் பதப்படுத்தினால் பூச்சின் உட்கவர் இழப்பு குறையும். சாதாரண அக்ரிலேட் மேலுறை அந்த வெப்பத்தைத் தாங்காது. வெற்றிடத்தில் அது வாயுவையும் உமிழும். அணு ஆய்வுக்கு உயர் வெற்றிடம் வேண்டும் என்பதால், செப்பு உறையிட்ட இழைகளைத் தொடக்கத்திலேயே தேர்ந்துகொள்வது நல்லது. பூச்சுக் கலத்தில் ஒரே ஓட்டத்தில் பல பத்து இழைகளை நிறுத்த முடியும். ஆகவே பதினெட்டோடு நிறுத்தாமல், ஐம்பது அறுபது இழைகளைச் சுட்டு, ஒவ்வொன்றின் குறுக்கீட்டு வரிப் படத்தையும் எண்ணிட்டு வைத்துக்கொண்டு, அவற்றில் சிறந்தவற்றை ஒரே தடவையாக அனுப்புங்கள். கூடவே, அதே நாளில் அதே லேசரில் சுட்ட தட்டையான சிலிக்கா துண்டு ஒன்றையும் சேர்த்து அனுப்பினால், பூச்சுக்குப் பின் எதிரொளிப்பை முதலில் அதில் அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

கேட்டவர்: ஒளியியல் ஆய்வு மாணவி

செப்பு உறையிட்ட இழைக்கு இன்றே எழுதிவிட்டேன். அது வந்து சேரும் வரை, கையிலுள்ள இழைகளில் 90 பாகை திருப்பிச் சுடும் முறையைப் பழகிக்கொள்கிறேன். முதல் இழையில் இரண்டு திசைகளிலும் அளந்ததில் 101, 99 என்று வந்திருக்கிறது.